ஓவராயில்!

சென்னையில் எந்த அபார்ட்மென்ட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் நிற்கும். இரண்டு டயரிலும் காற்று இருக்காது. சீட்டில் பூனை இருக்கும். ஹேண்டில்பாரில் யாரோ ஒரு புண்ணியவதி துடைப்பத்தை மாட்டியிருப்பார். ‘இது யாருடைய சைக்கிள்?’ என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ‘எடைக்குப் போட்டுவிடலாமா?’ என்று கேளுங்கள்... நாலு பேர் உரிமை கொண்டாடிக்கொண்டு ஓடி வருவார்கள்!

எங்கள் குடியிருப்பிலும் அப்படி ஒன்று இருந்தது. உரிமையாளர், அடியேன்.

2002-ல் நான் பிளஸ் ஒன் சேர்ந்தபோது அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கித் தந்தது. மவுன்ட்டன் பைக். தடி டயர், நேர் ஹேண்டில்பார், பின்னால் ஆறு பல்சக்கரம். சென்னையில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த சைக்கிளில் நான் தினமும் போன பாதை மவுன்ட் ரோடு. அது போதாதா?

பி.காம். முடிகிற வரை ஓட்டினேன். அப்புறம் வேலை, பெட்ரோல் வண்டி, கல்யாணம், தொந்தி என்று வாழ்க்கை வரிசையாக கியர் மாறிவிட்டது. சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது.

2024 ஜூன் மாதம், குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் ஒட்டியது. ‘உபயோகமற்ற வாகனங்களை 15 நாட்களுக்குள் அகற்றவும்.’ காயலான் கடைக்காரர் வந்தார். சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். மனிதரின் கையே தராசு.

“பதினாறு கிலோ சார். கிலோ இருவத்தஞ்சு. நானூறு ரூபா.”

நான் காமர்ஸ் படித்தவன். விலை என்று யாராவது வாயைத் திறந்தால் மனசுக்குள் லெட்ஜரும் திறந்துகொள்ளும். தேய்மானம் கணக்கிட இரண்டு முறை சொல்லித் தந்தார்கள். நேர்கோட்டு முறையில் போட்டால், பத்து வருஷத்தில் சொத்தின் மதிப்பு பூஜ்யம். குறைந்து செல் மதிப்பு முறை என்று இன்னொன்று உண்டு. அதில் ஒவ்வொரு வருஷமும் மிச்சமிருக்கும் மதிப்பில் மட்டும் இத்தனை சதவிகிதம் கழிப்பார்கள். எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் ஆகவே ஆகாது. அப்பாக்கள் லோன் போட்டு வாங்கித் தந்த பொருள்களுக்கு இந்த இரண்டாவது முறைதான் பொருந்தும் என்பது என் கட்சி.

அப்பாவின் கணக்கு நோட்டில் எழுதியிருக்கும் விலை 3,650 ரூபாய். வருஷத்துக்கு 15 சதவிகிதம், 22 வருஷம். தட்டிப் பார்த்தேன். மிச்சம், 102 ரூபாய் சொச்சம்.

“அப்படின்னா நானூறுக்குக் கொடுத்தா முந்நூறு ரூபா லாபம்! கொடுத்துட வேண்டியதுதானே?” என்றாள் மனைவி. அவள் காமர்ஸ் படித்தவள் இல்லை. அதனால்தான் கணக்கு சரியாக வருகிறது.

அன்று சாயந்திரம்தான் அக்கா போன் செய்தாள்.

*

அக்கா பையனும் பிளஸ் ஒன். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் விலையில்லா சைக்கிள் கிடைத்திருக்கும். இவன் படிப்பது சுயநிதிப் பள்ளி. அங்கே விலையில்லாமல் எதுவும் கிடைக்காது. டியூஷன் ஆறு கிலோமீட்டர் தள்ளி. கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் கியர் சைக்கிளில் வருகிறார்களாம். கடையில் விலை கேட்டிருக்கிறார்கள். பதினெட்டாயிரம்!

“அவர் கம்பெனியில மூணு மாசமா பாதிச் சம்பளம்தான்டா” என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. “பையனுக்குத் தெரியாது. தெரிய வேணாம்னு பார்க்கறோம். ‘ஏன் வாங்கித் தர மாட்டேங்கறீங்க’ன்னு அவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறான். உன்னோட பழைய சைக்கிள் ஒண்ணு இருக்குமே... அதை ஏதாவது பண்ண முடியுமா?”

காயலான் கடைக்காரரைத் திருப்பி அனுப்பினேன். பையன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தான். பூனை எழுந்து போனது. பையனும் போயிருப்பான். மரியாதைக்காக நின்றான்.

“மாமா... இதையா?”

“ஏன், இதுக்கு என்ன?”

“இல்ல... டியூஷனுக்கு எல்லாரும் வருவாங்க. இது காயலான் கடை அயிட்டம் மாதிரி இருக்கு.”

அவன் தெரியாமல் ஒரு சரித்திர உண்மையைச் சொல்லிவிட்டான். மவுன்ட்டன் பைக் என்கிற ஜாதியே காயலான் கடையில் பிறந்ததுதான்!

*

அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரீன் கவுன்டி என்று ஒரு பகுதி. அங்கே ஒரு மலை. பெயர் தமல்பைஸ். (பெயர் ‘தமிழ்’ மாதிரி ஒலிக்கிறதே என்று யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட வேண்டாம்.) 1970-களில் அங்கே சைக்கிள் பைத்தியம் பிடித்த ஓர் இளைஞர் கூட்டம் இருந்தது. மலையில் மண் பாதை. பந்தய சைக்கிளின் மெல்லிசு டயர் அதில் ஒத்துவரவில்லை. என்ன செய்தார்கள்? 1930-களிலும் 40-களிலும் செய்த கனமான, தடி டயர் வைத்த பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். ஷ்வின் போன்ற கம்பெனிகள் அந்தக் காலத்துப் பையன்களுக்காகச் செய்தவை. சல்லிசு விலைக்குக் கிடைத்தன.

மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். வேறு சைக்கிளிலிருந்து கியரை எடுத்து மாட்டினார்கள். இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளிலிருந்து டிரம் பிரேக். மோட்டார் சைக்கிளிலிருந்து பிரேக் லீவர். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தினால் பயமில்லாமல் இறங்கலாம் என்பதற்காக, ஸ்பேனர் இல்லாமலே கையால் தளர்த்தி இறுக்கும் ஒரு லீவரும் பிற்பாடு சீட்டுக்குக் கீழே வந்து சேர்ந்தது. இந்தக் கலவைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘க்ளங்க்கர்’. நம் பாஷையில், ஓட்டை உடைசல்!

1976 அக்டோபர் 21-ம் தேதி இந்த ஓட்டை உடைசல்களுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். சுமார் இரண்டு மைல் மண் பாதை. அதற்குள் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பழைய ஹப் பிரேக் கீழே போய்ச் சேருவதற்குள் காய்ந்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி ஓட்ட வேண்டுமானால் ஹப்பைத் திறந்து புது கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படித் திரும்ப அடைப்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல் ‘ரீபேக்’. அந்தப் பாதைக்கே அதுதான் பெயராகிவிட்டது. ‘கிரீஸ் அடைத்த சாலை’ என்று நம் ஊரில் ஒரு ரோட்டுக்குப் பெயர் வைத்த மாதிரி.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஜோ ப்ரீஸ். 1977-ல் இதற்கென்றே புதிதாக ஃப்ரேம் செய்தார். 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் ‘மவுன்ட்டன்பைக்ஸ்’ என்று பெயர் வைத்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். டாம் ரிட்சி ஃப்ரேம் செய்து கொடுத்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற பெயரில் மொத்தமாகச் செய்து விற்கத் தொடங்கியது. 1996-ல் அட்லான்டா ஒலிம்பிக்கில் மவுன்ட்டன் பைக் பந்தயம் வந்துவிட்டது. குப்பையிலிருந்து ஒலிம்பிக்குக்கு இருபதே வருஷம்!

எல்லாவற்றையும் கேட்ட பையன், “அப்ப கடையில பதினெட்டாயிரத்துக்கு விக்கறது?” என்றான்.

“அது காப்பிடா. நாம பண்ணப் போறதுதான் ஒரிஜினல் முறை.”

சிரித்துவிட்டான். காரியம் பாதி முடிந்த மாதிரி.

*

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஒரு பாய் இருக்கிறார். நாற்பது வருஷமாக அதே மரம், அதே மரப்பெட்டி, பஞ்சர் பார்க்க அதே தகர டப்பாத் தண்ணீர். (தண்ணீரை மட்டும் மாற்றியிருக்கக் கூடும்.) மரத்தில் ஒரு பலகை. ‘இங்கு ஓவராயில் செய்து தரப்படும்.’

ஓவர்ஹால் என்ற இங்கிலீஷ் வார்த்தை தமிழ்நாட்டு சைக்கிள் கடைகளில் எப்போதோ ஓவராயில் ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் நம் வார்த்தைதான் பொருத்தம். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, மேலே ஆயில் விடுவதுதானே வேலை!

பாய் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. நூலை எடுத்தார். பின்சக்கரம் உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, முன்னால் ஹேண்டில் நிற்கும் குழாயைச் சுற்றி, மறுபக்கம் அதே இடத்துக்குக் கொண்டுவந்து கட்டினார். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார். இரண்டும் சமமாக இருந்தால் ஃப்ரேம் நேர். ‘நூல் பிடித்தாற்போல்’ என்கிறோமே, அது சும்மா பேச்சுக்குச் சொன்னது இல்லை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“ரெண்டு மில்லி வித்தியாசம். பரவால்ல. மனுஷங்களே அவ்ளோ நேரா இல்ல” என்றார்.

அடுத்து, குழாய்கள் சேரும் இடங்களைத் துணியால் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். பழைய சைக்கிளைப் புதுப்பிக்க நினைக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஃப்ரேமில் விரிசல் விட்டிருந்தால் ஒரு பைசா செலவழிக்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டு எடைக்குப் போட்டுவிடுங்கள். ஃப்ரேம் நன்றாக இருந்தால், மற்ற எல்லாமே கடையில் கிடைக்கும் சாமான்தான்.

“கழட்டறது யாரு வேணும்னாலும் கழட்டலாம் தம்பி. கழட்டின வரிசையை ஞாபகம் வெச்சுக்கறதுதான் தொழில்” என்று ஒரு பழைய லுங்கியை விரித்தார். ஒவ்வொரு நட்டும் வாஷரும் கழன்ற வரிசையில் அதன்மேல் உட்கார்ந்தன. பந்தி பரிமாறிய இலை மாதிரி.

பையன் ஆர்வமாக இடது பெடலைக் கழற்ற உட்கார்ந்தான். வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருகினான். அசையவில்லை. ஏறி நின்றான். அசையவில்லை. பாய் ஒரு பீடி முடிகிற வரை வேடிக்கை பார்த்துவிட்டு, “மறுபக்கம் திருப்பு” என்றார். சுலபமாகக் கழன்றது.

வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்கு மட்டும் எதிர்மரை. இரண்டுக்கும் ஒரே மரை வைத்தால், மிதிக்க மிதிக்க இடது பெடல் தானே கழன்று ரோட்டில் விழுந்துவிடும். அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள், தங்கள் சைக்கிளில் 1900-லேயே இடது பெடலுக்கு எதிர்மரை போட்டு விற்றார்கள். 1903-ல் அதே சகோதரர்கள் செய்த இன்னொரு வண்டி ஆகாயத்தில் பறந்தது. ரைட் சகோதரர்கள்! விமானத்தின் விசிறியைச் சுற்றவும் அவர்கள் பயன்படுத்தியது செயினும் பல்சக்கரமும்தான். சைக்கிள் கடைக்காரர் புத்தி எங்கே போகும்?

பெடலை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த இடத்துக்குப் போனால், அங்கே கதை தலைகீழ். கிராங்க் அச்சைப் பிடித்திருக்கும் கப் இரண்டில் வலது பக்கத்துக் கப்புக்குத்தான் எதிர்மரை. இதற்கு உலகம் முழுக்க பி.எஸ்.ஏ. மரை என்று பெயர். விரித்தால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கி செய்த கம்பெனி. சைக்கிள்காரர்கள் ஒரு பக்கம் விமானம் செய்திருக்கிறார்கள், துப்பாக்கிக்காரர்கள் மறுபக்கம் சைக்கிள் செய்திருக்கிறார்கள். அவரவர் வேலையை அவரவர் பார்த்த காலமே கிடையாது போலிருக்கிறது.

எல்லாம் கழன்றது, சீட் பில்லர் மட்டும் கழலவில்லை. பதினேழு வருஷத் துரு. பாய் சுத்தியலை எடுக்கவில்லை. எண்ணெயை ஊற்றிவிட்டு, “நாளைக்கு” என்றார். மறுநாளும் ஊற்றிவிட்டு “நாளைக்கு” என்றார். அரசாங்க அலுவலகமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் திருக, ‘க்ரீச்’ என்ற சத்தத்தோடு பில்லர் மேலே வந்தது. பையன் கைதட்டினான்.

*

டீசலில் கழுவிய பால்ரஸ் குண்டுகளை எண்ணும் வேலை பையனுக்கு. முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது. கிராங்க் அச்சில் பக்கத்துக்குப் பதினொன்று. பின் ஹப்பில் ஒரு பக்கம் எட்டுதான் இருந்தது.

“ஒண்ணு கொறையுது பாய். ஆனா இவ்ளோ நாள் ஓடியிருக்கே?”

“ஓடும். ஒண்ணு கொறைஞ்சா அதோட பாரத்தை மத்ததுங்க சேர்ந்து சுமக்கும். வெளியில தெரியாது. ஓட்டறவனுக்கும் தெரியாது. உள்ளதான் தேஞ்சுக்கிட்டே இருக்கும்.”

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. எட்டையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

செயினை ஸ்கேல் வைத்து அளந்தோம். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். அப்படியென்றால் 24 கண்ணி சரியாக ஒரு அடி. எங்கள் செயின் ஒரு அடியைத் தாண்டி எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூட இருந்தது. இரும்பு ரப்பர் மாதிரி நீண்டுவிடவில்லை. ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்த கணக்கு அது. இந்த அளவுக்குப் போன செயின், பல்சக்கரத்தின் பற்களையும் சேர்த்துத் தின்றிருக்கும். அதனால் ஃப்ரீவீலையும் செயினையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் ஏறும்போதெல்லாம் ‘கடக் கடக்’ என்று சண்டை.

டயர் வாங்க பாரிமுனைப் பக்கம் போனோம். அங்கேதான் என் கணக்கு அறிவுக்கு அடுத்த அடி. “இருபத்தாறு இஞ்ச் டயர்” என்றேன். “எந்த இருபத்தாறு?” என்றார் கடைக்காரர்.

இருபத்தாறில் பல இருபத்தாறு உண்டாம்! 26 × 1.95 என்று புள்ளி வைத்து எழுதினால் மவுன்ட்டன் பைக். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ என்று பின்னமாக எழுதினால் மெல்லிசு டயர். அதற்கு 590 மில்லிமீட்டர். இதைவிடக் கொடுமை, 1.75 என்று எழுதிய டயரும் 1¾ என்று எழுதிய டயரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டும் ஒரே எண் என்று ஆறாம் வகுப்பில் எனக்கு மார்க் போட்டார்களே! டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 50-559 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். அதில் கோட்டுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் நம்புங்கள். இருபத்தாறை நம்பாதீர்கள்.

கியர் மாற்றும் டீரெய்லர், நோட்டீஸ் ஒட்டிய வாரம் வந்தாரே, அதே காயலான் கடைக்காரரிடம் கிடைத்தது. வேறு ஒரு சைக்கிளின் உறுப்பு தானம். நூற்றைம்பது ரூபாய். அதில் இரண்டு குட்டி ஸ்க்ரூ. ஒன்று, செயின் வெளிப்பக்கம் தாண்டி விழாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, உள்பக்கம் போய் ஸ்போக்ஸில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளும். லட்சுமணன் கிழித்த கோடு மாதிரி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

இந்தக் காலத்து கியர் லீவர் ‘டிக் டிக்’ என்று கணக்காக நகரும். 1984-ல் ஷிமானோ கம்பெனி கொண்டுவந்த முறை. வசதிதான். ஆனால் லீவர், டீரெய்லர், பல்சக்கரம் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவு ஒத்தவையாக இருந்தால்தான் டிக்குக்கு டிக் பொருந்தும். என் சைக்கிளில் இருந்தது ‘டிக்’ இல்லாத பழைய லீவர். கட்டைவிரலால் நகர்த்தி, செயின் சத்தத்தைக் காதால் கேட்டு நிறுத்த வேண்டும். அதனால் எந்தக் குடும்பத்துப் பாகம் வந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டு போகும். கூட்டுக் குடும்பத்துப் பெரிய மருமகள் மாதிரி.

*

கடைசியில் பின்சக்கரம். பழைய இரும்பு ரிம்மைத் தூக்கிவிட்டு அலாய் ரிம் போடச் சொன்னார் பாய். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை ஈரம் பட்டால் பிரேக் பிடிக்காது, வழுக்கும். ரிம்முக்கு 36 துளை. 36 ஸ்போக்ஸ். எல்லாவற்றையும் கோத்தாகிவிட்டது. சுற்றிவிட்டால் சக்கரம் திருவிழா ராட்டினம் மாதிரி ஆடுகிறது. கோட்டம் எடுக்க வேண்டும்.

பாய், ஸ்போக் கீயைப் பையன் கையில் கொடுத்துவிட்டார். ரிம் இடது பக்கம் ஒதுங்குகிற இடத்தில் வலது பக்கத்து ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்க வேண்டும். கால் சுற்றுதான். அதற்கு மேல் போனால் வேறு இடத்தில் கோணும். ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். தளர்ந்தது ‘தொம்’ என்கும், இறுகியது ‘டிங்’ என்கும். மார்கழிக் கச்சேரியில் சுருதி சேர்ப்பது மாதிரி, முக்கால் மணி நேரம் அது மட்டும்தான் நடந்தது.

சக்கரத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பையன் பேசினான்.

“மாமா, அப்பா ஒரு மாசமா ஆபீஸுக்கு பஸ்ல போறார். வண்டி ரிப்பேர்னு சொன்னார்.”

“அப்படியா?”

“இங்க கத்துக்கிட்டேன்ல... நேத்து நான் பார்க்கலாம்னு உக்காந்தேன். பிளக்கைக் கழட்டித் துடைச்சு மாட்டினேன். ஸ்டார்ட் ஆகலே. அப்புறம் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன்.” ஒரு ஸ்போக்கைச் சுண்டினான். டிங். “வண்டியில ஒண்ணும் இல்ல மாமா. டேங்க்லதான் ஒண்ணும் இல்ல.”

நான் என்ன சொல்வது? பாய் தகர டப்பாத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பளம் சரியா வரலேன்னு எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்” என்றவன், கீயை அடுத்த கம்பிக்கு நகர்த்தினான். “பாய், சீட்டுக்குக் கீழ ஒரு லீவர் போட முடியுமா? ஸ்பேனர் இல்லாம ஏத்தி இறக்கற மாதிரி. மாமா சொன்னார், கலிஃபோர்னியாவில போட்டாங்கன்னு.”

“நூறு ரூபா ஆகும்.”

“மாமா தருவார்.”

*

செலவுக் கணக்கை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. டயர் இரண்டு 900. டியூப் இரண்டு 300. அலாய் ரிம், ஸ்போக்ஸ் 700. ஃப்ரீவீல் 350. செயின் 250. பிரேக் செட் 300. கேபிள் 120. கிராங்க் அச்சு, கப், பால்ரஸ், கிரீஸ் 280. டீரெய்லர் 150. சீட் லீவர் 100. பாய் கூலி 800. ஆக மொத்தம் 4,250 ரூபாய்.

“புதுசா வாங்கினப்போ 3,650. பழசைப் பழசாவே வெச்சுக்க 4,250!” என்று சிரித்தாள் மனைவி.

காமர்ஸ் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற சாமானுக்குச் செய்யும் ரிப்பேர் வருவாயினச் செலவு. அந்த வருஷத்தோடு போச்சு. ஓடாமல் கிடந்த பழைய இயந்திரத்தை ஓடும் நிலைக்குக் கொண்டுவரச் செய்கிற செலவு முதலினச் செலவு. அது சொத்தில் சேரும். எங்கள் ஓவராயில் செலவு எதில் சேரும் என்று பரீட்சையில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். சொத்தில்தான். ஆனால் ஃப்ரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், முன்சக்கரத்து ரிம், லீவர் தவிர அப்பா வாங்கித் தந்தது அதில் அதிகம் மிச்சமில்லையே, இதுவும் அதே சைக்கிள்தானா என்று கேட்டால்... மார்க் போனாலும் பரவாயில்லை என்று அதற்கும் ‘ஆமாம்’ என்றுதான் எழுதுவேன்.

பையன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். குரலில் ஒரு தெளிவு.

“ஏண்டா, புது செயின் பகல்ல சும்மா நிக்கக் கூடாதாமே? ஓட ஓடத்தான் பழகுமாமே? பாய் கண்டிப்பா சொன்னாராமே! ‘நான் ஸ்கூல் வேன்ல போயிடறேன், சாயந்திரம் டியூஷனுக்கு மட்டும்தான் எனக்கு வேணும். காலையில நீங்க எடுத்துட்டுப் போங்கப்பா, இல்லேன்னா செயின் வீணாயிடும்’னு இவன் ஒரே பிடிவாதம். முதல்ல மாட்டேன்னார். இப்ப தினமும் அதுலதான் ஆபீஸ் போறார்.”

அன்று சாயந்திரமே வேப்பமரத்தடிக்குப் போனேன். “பாய், புது செயின் சும்மா நிக்கக் கூடாதுன்னு பையன்கிட்ட சொன்னீங்களா?”

பாய் கொஞ்சம் யோசித்தார். “நான் அப்படி எதுவும் சொல்லலியே தம்பி...” என்றவர், ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழ் வந்தது. “ஆனா இனிமே யாரு வந்து கேட்டாலும், சொன்னேன்னுதான் சொல்லுவேன்.”

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் சைக்கிள் நின்றது. சீட் பில்லரில் ஆணியால் கீறிய இரண்டு கோடு. ஒன்று பிள்ளை உயரம், ஒன்று அப்பா உயரம். நடுவே ஒன்றரை அங்குலம் இருக்கும். கலிஃபோர்னியாவில் அந்த லீவரை மலை இறங்குவதற்காக வைத்தார்கள். இங்கே அப்பா இறங்கிப் பிள்ளை ஏறுவதற்கு அது போதுமானதாக இருக்கிறது.